ரிப்போர்ட்டுக்குள் ஒளிந்திருந்த இரண்டு எழுத்துகள்

ஆம்பூரில் காலணி ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் பணியாற்றுகிறேன். காட்பாடியில் ரயிலேறி, ஒன்பதரை மணிக்கு இருக்கையில் அமரும்போது, முந்தைய மாலையிலிருந்து வந்து சேர்ந்த 60, 70 மின்னஞ்சல்கள் எங்கள் பிரிவின் பொது முகவரியில் காத்திருக்கும். ஜெர்மனியின் கடிகாரம் நம்முடையதைவிடக் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்னால் ஓடுவதால், அங்கே அலுவலகம் திறக்கும் வேளையில் இங்கே மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். அவர்கள் பிற்பகலில் அனுப்புபவை எல்லாம் நாங்கள் வீடு திரும்பிய பிறகே வரும்.

கொள்முதல் ஆணை, பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் நகல், கப்பல் முகவரின் கட்-ஆஃப் அறிவிப்பு, தோல் சோதனைக்கூடத்தின் ரிப்போர்ட் என ஒவ்வொன்றையும் அந்தந்த வாடிக்கையாளரின் கோப்புறைக்குள் இழுத்துப் போடுவதிலேயே வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் காலைப் பொழுது முழுவதும் கரைந்தது. எங்கள் அலுவலகத்தில் பயன்படுத்துவது தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் செயலி. அதில் மெசேஜ் ஃபில்டர் என்ற வசதி இருப்பதை ஒரு நாள் தற்செயலாகக் கண்டு, ஒரே வாரத்தில் 20க்கும் மேற்பட்ட விதிகளை எழுதிவிட்டேன்.

விதி என்பது எளிய ஏற்பாடு. அனுப்புநர் இன்னார், பொருள் வரியில் இன்ன சொல் உண்டு என்று நிபந்தனை வைக்கலாம். பொருந்தும் கடிதத்தை நகர்த்தலாம், நிறக் குறி இடலாம், படித்ததாகக் குறிக்கலாம், வேறொருவருக்கு அனுப்பலாம். புதிய கடிதம் வரும்போது மட்டுமல்லாமல், நாம் ஒன்றை அனுப்பி முடித்த பிறகும் விதியை இயங்க வைக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நான் அனுப்பும் இன்வாய்ஸ்கள் ‘அனுப்பியவை’ பெட்டியில் தேங்காமல் அந்தந்த வாடிக்கையாளரின் கோப்புறைக்குப் போய்ச் சேருவது இப்படித்தான்.

அந்த உற்சாகத்தில்தான் தவறும் செய்தேன். கொள்முதல் ஆணையை நாங்கள் பி.ஓ. என்போம். பொருள் வரியில் அந்த இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தால் ஆணைகளின் கோப்புறைக்கு நகர்த்து, படித்ததாகக் குறி என்று ஒரு விதி எழுதினேன். ஆணைகளின் நகல் எப்படியும் வணிகப் பிரிவுக்குத் தனியே போய்விடுவதால், என் பெட்டியில் அவை தடித்த எழுத்தில் நிற்க வேண்டியதில்லை என்பது அன்றைய என் எண்ணம். ‘உள்ளடங்கியது’ என்ற நிபந்தனை முழுச் சொல்லைத் தேடுவதில்லை, பெரிய எழுத்து சின்ன எழுத்து வேறுபாட்டையும் பார்ப்பதில்லை. ரிப்போர்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் நடுவில் அதே இரண்டு எழுத்துகள் அடுத்தடுத்து நிற்கின்றன.

ஐரோப்பிய ஒன்றியத்தில், உடலில் படும் தோல் பொருள்களில் ஆறு இணைதிறன் குரோமியம் என்ற நச்சுப்பொருள் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டினால் அதை விற்க முடியாது. இந்தக் கட்டுப்பாடு 2015 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே சோதனை ரிப்போர்ட் கையில் இல்லாமல் பெட்டிகளை நாங்கள் வெளியே அனுப்புவதில்லை. ஒரு திங்கட்கிழமை இரவு, உள்தோலின் ஒரு மாதிரியை மறுசோதனை செய்ய வேண்டும் என்ற குறிப்புடன் அந்த ரிப்போர்ட் வந்தது. என் விதி அதை ஆணைகளின் கோப்புறைக்குள் நகர்த்தி, படித்ததாகவும் குறித்துவிட்டது. வியாழக்கிழமை மேலாளர் என் மேசைக்கு வந்து, “ஏம்மா, டெஸ்ட் ரிப்போர்ட் திங்கட்கிழமையே அனுப்பிட்டாங்களாமே, நீ பார்க்கலையா?” என்று கேட்டார். “இல்லைங்க பாய், எனக்கு வரவே இல்லை” என்று முழு நம்பிக்கையோடு சொன்னேன். ஃபில்டரின் பதிவேட்டை இயக்கி வைத்திருந்ததால், எந்த விதி எந்த நேரத்தில் அந்தக் கடிதத்தை எடுத்துச் சென்றது என்பதைச் சில நிமிடங்களில் கண்டுபிடித்தேன். மறுசோதனை முடிவதற்குள் அந்த வாரக் கப்பல் போய்விட்டது. சரக்கு அடுத்த கப்பலில் ஏறியது.

அன்று மாலையே எல்லா விதிகளையும் திறந்து, ‘படித்ததாகக் குறி’ என்ற செயலை ஒன்று விடாமல் நீக்கினேன். கடிதத்தை எடுத்து வைப்பது கையின் வேலை, அதை நிரல் செய்யட்டும்; அதை நான் பார்த்துவிட்டேன் என்று எனக்குப் பதிலாக நிரல் சொல்லக் கூடாது என்பதில் இன்றும் உறுதியாக இருக்கிறேன். விதிகள் மேலிருந்து கீழாக இயங்குவதால், சோதனைக்கூடங்களின் முகவரிகளுக்கான விதியை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்: சிவப்புக் குறி இடு, பிறகு மற்ற விதிகளை நிறுத்து. அந்தக் கடிதம் உள்பெட்டியை விட்டு நகராது. ஆணைகளுக்கான விதியிலும் இப்போது இரண்டு எழுத்துகளோடு நிற்காமல், வாடிக்கையாளர்களின் முகவரிப் பட்டியலில் அனுப்புநர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்திருக்கிறேன்.

இந்த விதிகள் தண்டர்பேர்ட் திறந்திருக்கும்போது மட்டுமே இயங்கும் என்பதையும் சொல்ல வேண்டும். மாலையில் கணினியை அணைத்துவிட்டுப் போனால், இரவில் கைப்பேசியில் தெரியும் பெட்டி பிரிக்கப்படாமல்தான் கிடக்கும். சர்வரிலேயே பிரிக்க வேண்டுமானால் சீவ் என்ற வடிகட்டி மொழி இருக்கிறது, 2001இல், இணையத் தரங்களை வெளியிடும் ஆர்.எஃப்.சி. ஆவண வரிசையில் 3028 ஆக வந்து, 2008இல் 5228 ஆகத் திருத்தப்பட்டது. உங்கள் மின்னஞ்சல் சேவை அதற்கு இடம் தருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். ‘விடுமுறையில் இருக்கிறேன்’ என்ற தானியங்கிப் பதிலையும் அங்கே வைப்பதே நல்லது. சீவ் ஒருவருக்கு ஒரு முறை பதில் அனுப்பினால், நாம் வேறு கணக்குச் சொல்லாதவரை, பொதுவாக 7 நாள்களுக்கு அவருக்கு மீண்டும் அனுப்பாது. தண்டர்பேர்டில் முன்பே எழுதி வைத்து விதி மூலம் அனுப்பும் வார்ப்புருப் பதிலோ பொருந்தும் ஒவ்வொரு கடிதத்துக்கும் போகும். எதிர்முனையிலும் ஒரு தானியங்கி இருந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று பதில் எழுதிக்கொண்டே இருக்கக்கூடும்.

மாதக் கடைசியில், எங்களுக்கு மேல்பாகம் தைத்துத் தரும் கூடங்களுக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். கடிதம் ஒன்றுதான், பெயர், தொகை, இணைப்பு ஆகியவை மட்டும் மாறும். தண்டர்பேர்டோடு சேர்த்துக்கொள்ளும் மெயில் மெர்ஜ் என்ற நீட்சி (கூடுதல் நிரல்) இதைச் செய்கிறது. எக்செல் பட்டியலைச் சி.எஸ்.வி. கோப்பாகச் சேமிக்கும்போது யு.டி.எஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு வகையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். நீட்சிகளையே முழுக்க நம்பியிருப்பதும் சரியல்ல; 2020இல் தண்டர்பேர்டின் 78ஆம் பதிப்பு வந்தபோது பழைய நீட்சிகள் பல இயங்காமல் போயின. ஆகவே கடிதத்தின் மூலத்தையும் பட்டியலையும் தனியே வைத்திருக்கிறேன்.

அந்த நீட்சியில் உடனே அனுப்பவும் வழி உண்டு, வரைவுகளாகச் சேமிக்கவும் வழி உண்டு. நான் எப்போதும் வரைவுகளாகவே சேமித்து, ஒவ்வொன்றையும் திறந்து பார்த்த பிறகே அனுப்புகிறேன். கடந்த மாதம் 38 வரைவுகளில் ஒன்றில், குடியாத்தத்துக் கூடத்துக்கான கடிதத்தோடு பேரணாம்பட்டுக் கூடத்தின் கணக்கு இணைந்திருந்தது. பட்டியலில் கோப்பின் பெயர் ஒரு வரி கீழே இறங்கியிருந்தது. அதைச் சரிசெய்து, அதற்குக் கீழே இருந்த வரிகளையும் மறுபடி பார்த்த பிறகு, எல்லாவற்றையும் அனுப்பினேன்.