ஹாரன் அடிச்ச நேரத்துல அவரு மூச்சு விட்டாரா இல்லையா?

திரும்ப ஒருவாட்டி பாக்கணும்னா எந்த லைவ் கச்சேரின்னு பசங்க பேசிட்டு இருந்தாங்க. பெங்களூர்ல வேலை பாக்குற கூட்டம் வேற, ஒருத்தன் 2025 ஜனவரில அகமதாபாத்ல நடந்த கோல்ட்ப்ளேங்கறான், இன்னொருத்தன் லண்டன்ல ராஜா சார் சிம்பொனி வாசிச்ச அன்னைக்கு அங்க இருந்திருக்கணும்ங்கறான். எனக்கு அதெல்லாம் வேணாம்ங்க. தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் எங்க மாமா ஊரு மாரியம்மன் பண்டிகைல ஒரு ஆர்கெஸ்ட்ரா நடந்துச்சு, அத இன்னொருக்கா நடத்துனா போதும். ஏன்னா அதுல ஒரு கேஸ் இன்னும் முடியாம கெடக்கு.

மேடை ரோட்டுக்குக் குறுக்கால. ஜனம் மொத்தமும் ரோட்டுலயே பாயி, சாக்கு எல்லாம் விரிச்சு உக்காந்தாச்சு. எங்க ஏரியால தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் புழங்கும், அதனால நேயர் விருப்பம் சீட்டும் மூணு பாஷையிலயும் வரும். ராஜ்குமார் பாட்டு கேட்டு ஒரு தாத்தா அம்பது ரூபாயோட சீட்டு அனுப்பிட்டே இருந்தாரு, பாடகரும் பாவம் கன்னடத்த தமிழ்ல எழுதி வச்சு சமாளிச்சுட்டாரு.

அப்பறம்தான் வந்துச்சு அந்தப் பாட்டு. 1990ல வந்த கேளடி கண்மணி படத்துல எஸ்பிபி மூச்சு விடாம பாடுவாரே, அதேதான். ஆர்கெஸ்ட்ரா பாடகர்களுக்கு இது பரீட்சைங்க, ஜனம் பாட்ட ரசிக்காது, எங்க மூச்சு வாங்குறான்னு கண்டுபிடிக்கத்தான் உக்காந்திருக்கும். விவரமான ஆளுங்க மிக்சர்ல எக்கோவ ஏத்தி வச்சுக்குவாங்க, முந்தின வார்த்தையோட வாலு இழுத்துட்டே இருக்கும், அந்தக் கேப்புல நைசா ஒரு இழுப்பு இழுத்துக்கலாம். எங்க மாமா இதெல்லாம் தெரிஞ்சவரு, நேரா போயி சவுண்ட் சர்வீஸ் பையன்கிட்ட எக்கோவ கொறைக்கச் சொல்லிட்டு, மேடைக்கு அடியில நின்னு பாடகரோட வயித்தையே முறைச்சுப் பாத்துட்டு இருக்காரு. அந்த மனுசன் நெலமைய யோசிச்சுப் பாருங்க!

ஆரம்பிச்சாரு. நல்லாவே போகுது, கழுத்து நரம்பெல்லாம் பொடைக்குது, முகம் செவக்குது, ஜனம் ஒரு சத்தம் இல்ல, சரியா சரணத்துல பாதி தாண்டுறப்ப பின்னாடி இருந்து "பாஆஆஆம்"னு ஏர் ஹாரன். மண்டிக்குப் போற தக்காளி லாரி. கிளீனர் பையன் எறங்கி பாய சுருட்டு பாய சுருட்டுங்கறான், பொம்பளைங்க தூங்குற புள்ளைங்கள தூக்கிட்டு எந்திரிக்கறாங்க, எங்க அத்தை தட்டுவடை செட்டு தட்டோட ஓரமா நின்னு டிரைவர திட்டுது, ஜனத்துக்கு நடுவுல லாரி ஊர்ந்து போகுது, மேடைல பாட்டு நிக்கவே இல்ல! ஒரு கைல மைக், இன்னொரு கையால டிராபிக் போலீஸ் மாதிரி லாரிக்கு வழி காட்டிட்டே பாடி முடிச்சாரு. விசில் பறந்துச்சு.

மாமா மட்டும் கைதட்டல. "டேய், ஹாரன் அடிக்கறப்ப மூச்சு விட்டுட்டான்டா"ன்னாரு. பக்கத்துல நின்ன பெரியப்பா விடுவாரா, "நீ லாரிய பாத்த, நான் அவன் வாய பாத்தேன், விடவே இல்ல"ன்னு ஒரே புடி. அங்கயே ஊரு ரெண்டாயிடுச்சு. தம்பி போன்ல வீடியோ எடுத்திருந்தான், ஆசையா போட்டுப் பாத்தா முக்கியமான எடத்துல ஃபிரேம் பூரா தக்காளி கிரேட்டுதான், சத்தம் ஹாரன் சத்தம்.

அதுக்குள்ள அந்த லாரி டிரைவரே வண்டிய அந்தாண்ட ஓரங்கட்டிட்டு நடந்து வந்து, பாதிதான் கேட்டேன் முதல்ல இருந்து பாடுங்கன்னு நூறு ரூபாயோட சீட்டு குடுத்தாரு. மாமாவும் பெரியப்பாவும் மேடைக்கு ரெண்டு பக்கமும் ரெடி. கீபோர்டுல முன்னிசை கூட எடுத்தாச்சு, அப்ப பாத்து விழா கமிட்டி ஆளு வந்து மணி பத்து ஆச்சு, மைக்க ஆஃப் பண்ணுங்கன்னுட்டாரு. ராத்திரி பத்துக்கு மேல ஸ்பீக்கர் கூடாதுன்னு 2000லயே ரூல்ஸ் போட்டாச்சுல்ல, ஆனா அத கரெக்டா கடைப்பிடிக்க அன்னைக்குத்தானா தோணணும்?

இப்பவும் கல்யாணம், காதுகுத்துன்னு ரெண்டு பேரும் ஒரே பந்தியில உக்காந்தா ரசத்துக்குள்ள சண்ட ஆரம்பிச்சிடும். டிரைவர் நூறு ரூபாய திருப்பிக் கேக்காம சிரிச்சுட்டே போயிட்டாரு, அப்ப தக்காளி கிலோ ரெண்டு மூணு ரூபாய்க்கு விழுந்து கெடந்துச்சு, மண்டிக்கு அவசரமா போயி என்னத்த பண்றது. 2023 ஜூலை மாதிரி நூறத் தாண்டுன நேரமா இருந்திருந்தா பாட்டாவது ஒண்ணாவதுன்னு எங்க மேலயே லாரிய ஏத்திட்டுப் போயிருப்பாரு.