டுமீல்

எங்கள் மணி சாதிநாய் ஒன்றும் இல்லை. பழையபேட்டையில் தெருவோரம் சுற்றிக்கொண்டிருந்த குட்டி. கோடை விடுமுறையில் பொழுது போகாத என் மகள், அதற்கு வித்தை பழக்குவதென்று இறங்கினாள்.

உட்காரப் பழக்குவது சுலபம்தான். தின்பண்டத்தை மூக்கருகில் காட்டி, அப்படியே தலைக்கு மேலே பின்பக்கமாகக் கொண்டுபோனால், நாய் அண்ணாந்து பார்க்கும். இடுப்பு தானாகத் தரையில் குந்திவிடும். குந்திய நொடியே கொடுத்துவிட வேண்டும். தாமதித்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் இழுத்தாலும் அலுத்துவிடும்.

எதைக் கொடுப்பது என்பதில்தான் பஞ்சாயத்து. அம்மா கேழ்வரகுக் களியைக் கோலிக்குண்டு அளவுக்கு உருட்டிப் போட்டார். களியை மெல்லக்கூடாது, விழுங்க வேண்டும் என்பது நம்ம ஊரில் குழந்தைக்கும் தெரியும். மணிக்குத் தெரியவில்லை. அது மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, நாக்கைத் துழாவித் துழாவி, தலையை ஆட்டி, கடைசியில் முன்னங்காலை வாய்க்குள் விட்டுத் தோண்டியது. உட்கார்ந்ததெல்லாம் எப்போதோ மறந்துபோயிருக்கும். சரி, வேகவைத்த முட்டை என்று முடிவானது.

அப்புறம்தான் அம்மா காவேரிப்பட்டணத்துக்கு அக்கா வீட்டுக்குப் போனார். அவர் இல்லாதபோது மகள் பழக்கியது 'டுமீல்'. விரலைத் துப்பாக்கியாக நீட்டி டுமீல் என்றால், மணி பொத்தென்று சாய்ந்து அசையாமல் கிடக்கும். நாய்கள் வாய்ச்சொல்லைவிடக் கைஜாடையைத்தான் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். மணி அந்தச் சத்தத்தைக் காதில் வாங்கவே இல்லை. நீட்டிய விரல் போதும்.

அம்மா நிப்பட் (காரத் தட்டை) பொட்டலத்தோடு ஊர் திரும்பிய மறுநாள், கரண்ட் ரீடிங் எடுக்க ஒரு தம்பி வந்தார். கேட்டருகே நின்று, மணியை நோக்கி விரலை நீட்டி, "ஏங்க, இது கடிக்குமா?" என்றார்.

பொத்.

"அய்யய்யோ, நான் ஒண்ணுமே பண்ணலைங்க!"

சத்தம் கேட்டு ஓடிவந்த அம்மா, மணி கிடந்த கோலத்தைப் பார்த்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "நேத்து ராத்திரிகூட நல்லா சாப்பிட்டுச்சே சாமி!" எதிர்வீட்டு அக்கா வந்தார். "பாம்பு கீம்பு கடிச்சிருக்குமோ?" என்று ஆரம்பித்தார். அந்தத் தம்பிக்கு வேர்த்துக் கொட்டியது. மகளோ டியூஷனில்.

நான் உள்ளே போய் நிப்பட் பொட்டலத்தைச் சரசரவென்று ஆட்டினேன். பிணம் எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. காரமும் உப்பும் அதற்கு ஆகாது என்பதால் கண்ணில் காட்டியதோடு சரி.

அம்மாவுக்கு வந்ததே கோபம். "ஏன்டா, என் உசிரையா எடுக்கப் பாத்த?" என்று மணியை நோக்கி விரலை நீட்டினார்.

பொத்.

அந்தத் தம்பி இரண்டு கைகளையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, கேட்டைக் காலாலேயே தள்ளித் திறந்து வெளியே போனார். அட்டையில் ரீடிங் எழுதவே இல்லை என்பதைச் சாயங்காலம்தான் பார்த்தோம்.