எரிந்தது, ஆனால் மங்கலாக

பழைய டீசல் பிக்கப் ஒன்றில், இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டாரான செல்ஃப் சில வேளைகளில் மட்டும் எடுக்காமல் போன கோளாற்றைத் தேடியபோது, செல்ஃபை இயக்கும் மின்காந்தச் சுவிட்சான சொலினாய்டின் சிறு முனையிலிருந்து ஒரு ஒயரை ஓட்டுநர் இருக்கை வரை இழுத்து, 5 வாட் பார்க்கிங் பல்பு ஒன்றை அதில் பொருத்தி, வண்டியை உரிமையாளரிடமே திருப்பிக் கொடுத்தேன். அடுத்த முறை செல்ஃப் எடுக்காதபோது, சாவியைத் திருப்பிப் பிடித்தபடியே அந்த விளக்கு எரிகிறதா இல்லையா என்பதை மட்டும் பார்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். அவர் விளக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வண்டிய நீங்க பாக்கணும்னுதானே கொண்டு வந்தேன் தம்பி? இப்ப என்னையே பாக்கச் சொன்னா எப்படி?" என்றார். கோளாறு என் முன்னால் வர மறுக்கிறது, உங்கள் முன்னால்தான் வருகிறது, ஆகவே நீங்கள்தான் பார்க்க முடியும் என்று விளக்கினேன். அந்தப் பதிலில் பிழை எதுவும் இல்லை. ஆயினும் அவர் கேட்டதற்கும் நான் சொன்னதற்கும் இடையே ஏதோ ஒன்று விடுபட்டுப் போனதாகவே இன்றும் தோன்றுகிறது.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று வருபவர்களிடம், இன்ஜின் சுற்றியும் பிடிக்கவில்லையா அல்லது சுற்றவே இல்லையா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்; முன்னது டீசலின் வழி, பின்னது மின்சாரத்தின் வழி. இங்கே ஐயமில்லை. சுற்றத் தொடங்கிவிட்டால் அந்த இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. சுற்றாதபோது 'டக்' என்ற ஒலி கேட்கிறதா என்ற கேள்விக்கு மட்டும், ஒரு நாள் ஆம் என்றும் மறுநாள் இல்லை என்றும் அவரிடமிருந்து பதில் வந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. சரக்கோடு நடுவழியில் நிற்கும் ஒருவர் ஒலியின் தன்மையைக் கவனித்துக்கொண்டிருப்பார் என்று எதிர்பார்ப்பது மெக்கானிக்குகளுக்கே உரிய பேராசை.

வண்டி என்னிடம் இருந்த நாட்களில் ஒரு முறைகூடத் தவறவில்லை. பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டியது. செல்ஃப் சுற்றும்போதும் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை. சுற்றிக்கொண்டிருக்கையில் எர்த் பக்கத்தின், அதாவது மின்சாரம் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பும் வழியின், மின்னழுத்த இழப்பு 0.2 வோல்ட்டுக்குள்ளும், பேட்டரியிலிருந்து செல்ஃபுக்குப் போகும் தடித்த கேபிளின் இழப்பு 0.5 வோல்ட்டுக்குள்ளும் இருந்தன. இன்ஜினை நன்றாகச் சூடேற்றி அணைத்து, சற்று ஆறவிட்டு, அந்தச் சூடு செல்ஃபுக்குள் ஏறிய பிறகும் முயன்றேன். ஒயர்களை இணைக்கும் கப்ளர்களை ஆட்டினேன், ஒயரிங்கை இழுத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருப்பதாகவே மீட்டர் சொன்னது. ஆனால் அத்தனை அளவுகளும் செல்ஃப் எடுத்த தருணங்களில் எடுத்தவை; எடுக்காத தருணத்தில் என்ன நடந்தது என்பதைப் பற்றி அவற்றால் எதுவும் சொல்ல முடியாது. சுத்தியலால் செல்ஃபைத் தட்டிப் பார்க்கும் வழக்கமான வைத்தியத்தை வேண்டுமென்றே தவிர்த்தேன். செல்ஃபுக்குள் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் ஒன்று தேய்ந்து ஒட்டாமல் இருந்தால் அந்தத் தட்டு அதை ஒட்ட வைத்துவிடும். கூடவே தடயத்தையும் அழித்துவிடும்.

இந்த நிலையில்தான் அவர், செல்ஃபையும் சாவி சுவிட்சையும் பேட்டரியையும் ஒன்றாக மாற்றிவிடும்படி சொன்னார். நான் மறுத்தேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குற்றவாளி என்பது ஒருபோதும் தெரியவராது, மாற்றாத ஏதோ ஒரு ஒயரில் கோளாறு இருந்தால் செலவும் வீணாகும், நம்பிக்கையும் போகும் என்று வாதிட்டேன். என் தொழிலில் மாற்றிய பாகத்துக்குப் பணம் கேட்பது எளிது. தேடிய நேரத்துக்குப் பணம் கேட்பதுதான் கடினம். ஆகவே அவருடைய யோசனை எனக்கு ஆதாயமானதாகவே இருந்திருக்கும். அதை மறுத்ததில் நேர்மை இருந்தது என்று நம்புகிறேன். காரணத்தைக் கண்டுபிடித்தே தீர வேண்டும் என்ற என் சொந்தப் பிடிவாதமும் அதில் கலந்திருந்ததா என்று இப்போது யாராவது கேட்டால், இல்லை என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

விளக்கின் கணக்கு எளிமையானது. சாவியைத் திருப்பும்போது சுவிட்ச் வழியாகச் சொலினாய்டின் சிறு முனைக்கு மின்சாரம் வருகிறது. விளக்கு நன்றாக எரிந்தும் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் குற்றம் செல்ஃபிலோ அதன் கேபிள்களிலோ இருக்கிறது. எரியாவிட்டால் சாவிப் பக்கத்தில். பாடியின் எர்த் குழப்பக்கூடாது என்பதற்காக விளக்கின் மறுமுனையை நேரே பேட்டரியின் மைனஸ் முனையில் இணைத்தேன். கேள்வியையும் வேண்டுமென்றே ஒன்றாகக் குறைத்தேன், ஏனெனில் பதற்றத்தில் இருக்கும் சாட்சியிடம் நான்கு கேள்விகளைக் கொடுத்தால் நான்குக்குமே தெளிவான பதில் வராது. இவ்வளவும் யோசித்துச் செய்ததுதான். யோசிக்காமல் விட்டது வேறொன்று: கோளாறு மீண்டும் வர வேண்டும் என்று நான் காத்திருந்த அதே நாட்களில், அது வரவே கூடாது என்று அவர் வேண்டிக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தார்.

வந்தது. மாலை மங்கும் நேரத்தில், சரக்கோடு, மேடுபள்ளமில்லாத ஒரு சமதரையில் நின்றுவிட்டது. முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து தள்ளிக் கிளப்பினார்களாம். வீடு சேர்ந்த பிறகு தொலைபேசியில் கூப்பிட்டார். "எரிஞ்சுது தம்பி. ஆனா மங்கலாத்தான் எரிஞ்சுது."

நான் அவருக்குக் கொடுத்திருந்த பதில்கள் இரண்டே. அவர் கொண்டுவந்ததோ மூன்றாவது. அதுவே எல்லாவற்றிலும் பயனுள்ள பதில் என்பது எனக்கு அந்தக் கணமே தெரிந்தது. சொலினாய்டு உள்ளிழுக்கும் கணத்தில் 30 ஆம்பியருக்கு மேலும் கேட்கக்கூடும். சாவி சுவிட்சின் தேய்ந்த முனையிலோ கறுத்த கப்ளரிலோ 0.1 ஓம் அளவுக்குத் தடை ஏறியிருந்தாலும் அந்த 30 ஆம்பியருக்கு 3 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். சாதாரண மீட்டரின் ஒயர்களுக்கே அவ்வளவு தடை இருப்பதால் ஓம் அளவில் அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மங்கலுக்கு இன்னொரு விளக்கமும் உண்டு. பேட்டரி முனையே அந்த நேரத்தில் சரியாகப் பற்றாமல் இருந்தாலோ, செல்ஃப் உள்ளே இறுகி அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுத்தாலோ, வண்டியில் உள்ள எல்லா விளக்குகளும் சேர்ந்தே மங்கும்.

ஆகவே, டாஷ்போர்டு விளக்குகளும் மங்கினவா என்று கேட்டேன். "அத நீங்க சொல்லவே இல்லியே" என்றார். ரேடியோ நின்றது என்றார். சாவியை ஸ்டார்ட் நிலைக்குத் திருப்பினாலே அந்தச் சுவிட்ச் ரேடியோவைத் துண்டித்துவிடும், அதனால் பயனில்லை. ஹெட்லைட் போட்டிருந்தீர்களா என்று கேட்டேன். போட்டிருந்தாராம், எதிரே ஒரு சுவரும் இருந்ததாம். சுவரில் விழுந்த வெளிச்சம் குறைந்ததா? சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியேதான் இருந்துச்சுன்னு நினைக்கிறேன்" என்றார். அந்த 'நினைக்கிறேன்' மீதுதான் அதற்குப் பிந்தைய வேலை முழுவதும் நிற்கிறது. அவர் உண்மையிலேயே அந்தச் சுவரைப் பார்த்தாரா, அல்லது நான் கேட்ட விதத்திலிருந்து எனக்கு எந்தப் பதில் வேண்டும் என்பதை ஊகித்து, அன்று தள்ளியவர்களுக்குச் சொன்ன நன்றியைப் போல எனக்கும் ஒன்றைச் சொல்லி வைத்தாரா என்பதைப் பிரித்தறிய என்னிடம் கருவி இல்லை.

மறுநாள் வண்டியைக் கொண்டுவந்தார். அன்றும் ஒரு முறைகூடத் தவறவில்லை. சொலினாய்டுக்குப் பதிலாக ஒரு ஹெட்லைட் பல்பை சுமையாகக் கொடுத்து, சாவியின் வழியை அங்கங்கே அளந்தேன். ஒவ்வோர் இணைப்பிலும் சிறிதளவு இழப்பு இருந்தது; எந்த ஒன்றும் தனியாகக் குற்றம் சாட்டும் அளவுக்கு இல்லை. முதுமையடைந்த ஒயரிங் முழுவதுமே கொஞ்சம் கொஞ்சமாகக் களைத்திருந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். பேட்டரியிலிருந்து சொலினாய்டுக்கு ஃபியூஸோடு தனி ஒயர் இழுத்து, நடுவே ஒரு ரிலேயை, அதாவது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சை, வைத்து, பழைய சாவி ஒயர் அந்த ரிலேயை மட்டும் இயக்கும்படி செய்தேன். ரிலேயின் சுருள் கேட்பது 0.2 ஆம்பியர் அளவுதான், அதே 0.1 ஓம் தடை அங்கேயே இருந்தாலும் இழப்பு 0.02 வோல்ட். பழைய வண்டிகளில் இது புதிய தந்திரமும் அல்ல, தவறான வேலையும் அல்ல.

விளக்கைக் கழற்றி வண்டியை ஒப்படைத்தபோது அவர் கேட்டார்: "அப்ப எதுதான் கெட்டிருந்துச்சு?" சாவிப் பக்கத்து வழியில் தடை ஏறியிருந்தது என்றேன். அந்த வழியில் எந்த இடம் என்றார். எந்த இடமாக இருந்தாலும் இனி அது முக்கியமில்லை என்று சொன்னேன். சொல்லி முடிக்கும்போதே, காரணம் தெரியாமல் எதையும் மாற்ற மாட்டேன் என்று இவரிடமே நான் வாதிட்டது நினைவுக்கு வந்தது. அவர் கேட்டபடி மூன்றையும் மாற்றியிருந்தால் பழைய சுவிட்சும் அன்றே போயிருக்கும், அவர் சமதரையில் நின்றிருக்கவும் மாட்டார் என்று ஒரு கணம் நினைக்கிறேன். சுவிட்ச் மாறியிருந்தாலும் கப்ளர் மாறியிருக்காது, அப்படியானால் மூன்று பாகங்களுக்கும் பணம் கொடுத்த பிறகும் நின்றிருப்பார் என்று அடுத்த கணமே பதில் சொல்லிக்கொள்கிறேன். காரணத்தைச் சரிசெய்வது வேறு, காரணம் எதுவானாலும் பாதிக்காதபடி செய்வது வேறு. இரண்டாவதற்கும் மதிப்பு உண்டு என்று சக மெக்கானிக்குகளிடம் நானே சொல்வதுண்டு. ஆனால் முதலாவதைச் செய்வதற்காகத்தான் நான் அவரைச் சாட்சியாக்கினேன்.

அண்மையில் ஆயில் மாற்ற வந்தார். செல்ஃப் தொல்லை அறவே இல்லை என்றார். எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. கோளாறு தொடங்கிய காலத்திலிருந்தே அவர் சரக்கு இறக்கும்போது இன்ஜினை அணைப்பதில்லை; அணைக்க நேர்ந்தால் சரிவு பார்த்துத்தான் நிறுத்துவார். அந்தப் பழக்கம் போய்விட்டதா என்று கேட்டேன். போகவில்லையாம், கை அதற்கே பழகிவிட்டதாம். அப்படியானால் சூடான இன்ஜினில் அடிக்கடி அணைத்துப் போடும் சோதனை இன்னும் நடக்கவே இல்லை, ரிலே வேலை செய்கிறதா என்பதற்கு இந்த மாதங்கள் பெரிய சான்றும் அல்ல என்று அவருக்கு விளக்கி, ஒரு வாரம் மட்டும் எல்லோரையும்போல அணைத்து அணைத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னேன்.

"இன்னும் பாக்கச் சொல்றீங்களா?" என்றவர், சிரித்துக்கொண்டே சாவியை வாங்கிக்கொண்டார். "ஓடுது தம்பி. எதுக்கு வம்பு?"