சேர்க்கை எண் 2148

மே மாதத்தில், பள்ளி பூட்டிக் கிடந்த ஒரு மதியம், பக்கத்துக் கொல்லையில் முள்ளுக்கு வைத்த தீ காற்றில் எங்கள் பள்ளிச் சுவர் வரை வந்துவிட்டது. சுவரோரம் உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருந்தோம். அவற்றைப் பற்றிக்கொண்டு கூரைக்கு ஏறியது. கழிவுப் பொருள்களை அகற்ற அனுமதி கேட்டு எழுதாமல் இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட்டவள் நான். தலைமையாசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து இன்றே எழுதிவிடுங்கள்.

ஊத்தங்கரைப் பக்கம் ஒரு சிற்றூர் எங்களுடையது. நான் போய்ச் சேர்ந்தபோது கைமரங்கள் முறிந்து, ஓடுகள் அலுவலக அறைக்குள் சரிந்து கிடந்தன. உடனே சுத்தம் செய்ய இளைஞர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். நல்ல வேளையாகத் தடுத்தேன். காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கி, தீயணைப்பு நிலையத்தில் அறிக்கை கேட்டு, பொறியாளர் வந்து பார்க்கும்வரை இடிபாட்டைத் தொடக் கூடாது.

ஓட்டுக் கட்டடத்தை ஒட்டிய காங்கிரீட் அறை கரி மட்டும் படிந்து நின்றது. வெள்ளையடித்தால் போதும் என்று எல்லோரும் நினைத்தோம். ஒன்றியப் பொறியாளர் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் ஒலி மந்தமாக மாறியது. பூச்சை உடைத்துக் காட்டினார். உள்ளே காங்கிரீட் வெளிர்சிவப்பாக இருந்தது. சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடேறினால் இப்படி நிறம் மாறுமாம். அந்த அறையையும் இடிக்கத்தான் வேண்டும் என்றார்.

ஜூனில் பள்ளி திறந்தாக வேண்டும். ஊர்ப் பெரியவர் ஒருவர், "டீச்சரம்மா, நாளைக்கே கீற்றுப் பந்தல் போட்டுத் தருகிறேன்" என்றார். மனதார வந்த வார்த்தை அது. ஆனாலும் முடியாது என்று கைகூப்பினேன். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் எரிந்துபோனது கீற்றுக் கூரையின் கீழ்தான். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு, மாரியம்மன் கோயில் மண்டபத்தின் சாவியைக் கொண்டுவந்து தந்தார். ஏழு மாதங்கள் அங்கேதான் பாடம் நடந்தது.

பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம், இடிப்பதற்கான ஆணை, மதிப்பீடு, திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு என்று கட்டட வேலை ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தது. ஒவ்வொரு கடிதத்துக்கும் நகல் வைத்துக்கொண்டால் தாமதமானாலும் நின்றுபோகாது.

என்னைத் தூங்கவிடாதது சேர்க்கைப் பதிவேடுதான். இந்த ஊரில் பிறப்புச் சான்று இல்லாத முதியவர்கள் பலர். அவர்கள் பிறந்த தேதி எழுத்தில் இருந்த ஒரே இடம் அது. பீரோவுக்குள் இறுக்கமாக அடுக்கியிருந்ததால் ஓரங்கள் மட்டும் கருகி, நடுப்பகுதி தப்பியிருந்தது; ஆனால் தீயணைத்த நீரில் ஊறிப் பாளமாக ஒட்டிக்கிடந்தது. வெயிலில் வைக்காமல் நிழலில், மின்விசிறிக் காற்றில் உலர்த்தினோம். ஒட்டிய தாள்களை மெல்லிய எஃகு அளவுகோலால் ஒவ்வொன்றாக விடுவித்தேன். பழைய ஆசிரியர்கள் நீலக்கறுப்பு மையால் எழுதிய வரிகள் அப்படியே நின்றன. அண்மையில் நான் ஜெல் பேனாவால் எழுதியவைதான் கரைந்து படர்ந்திருந்தன.

கருகிய வரிகளுக்காக ஊரில் தண்டோரா போட்டோம். மாற்றுச் சான்றிதழ்களைத் தகரப் பெட்டியிலிருந்தும் அரிசிப் பானையிலிருந்தும் எடுத்து வந்தார்கள். ஒரு பாட்டி, ஓசூர் கம்பெனியில் வேலை செய்யும் பேரனைத் தன் சான்றிதழோடு பஸ் ஏற்றி அனுப்பினார். அசலைப் பார்த்து எழுதி, வட்டாரக் கல்வி அலுவலரின் கையொப்பம் பெற்றோம். 41 பேரின் வரிகள் இன்னும் நிரம்பவில்லை. அவர்களின் வீடுகளுக்கு ஞாயிறுதோறும் போய்வருகிறேன்.

தை மாதம் புதிய வகுப்பறைகளுக்குக் குடிபோனோம். அன்று சேர்ந்த குழந்தைக்குப் புதிய பதிவேட்டில் எண் 1 என்று தொடங்க மனம் வரவில்லை. பழைய பதிவேட்டின் கடைசி எண்ணைப் பார்த்து, நீலக்கறுப்பு மையால் 2148 என்று எழுதினேன்.