அப்பாவின் வழக்குக்கு லோயர் பிடித்த கதை

அப்பாவுக்கு மீசோதீலியோமா, அதாவது அஸ்பெஸ்டஸ் தூசியால் நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய், என்று வைத்தியசாலையில் சொன்ன கிழமையே தம்பி கூகிளில் லோயர் தேடத் தொடங்கிவிட்டான். இங்கிலாந்தில் அந்த நோயின் பெயரைத் தட்டினால் மருத்துவத் தகவலுக்கு முதல் வழக்கு விளம்பரம்தான் வந்து நிற்கும். மேலே இருந்த எண்ணுக்கே அழைத்தான். எடுத்தவர் தேன் ஒழுகப் பேசினார். அப்பாவின் வயது, நோய் உறுதியான திகதி, வீட்டு முகவரி எல்லாம் கேட்டார். மின்னஞ்சலில் படிவம் வரும், இன்றைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள் என்றார். அப்பா எங்கே வேலை செய்தார் என்று மட்டும் கேட்கவில்லை. எனக்கு அதிலேயே மனம் ஒட்டவில்லை. படிவத்தின் அடியில் பொடி எழுத்தைப் படித்தால், அவர்கள் சட்ட நிறுவனமே இல்லை. ஆட்களைப் பிடித்து வேறு யாருக்கோ கொடுப்பவர்கள்.

அப்பா 1973இல் கணக்கியல் படிக்க லண்டன் வந்தவர். அந்தக் காலத்து எங்கள் ஆட்கள் பலரைப் போலவே இரவில் பெற்றோல் ஸ்டேஷன், பகலில் வகுப்பு. காசு காணாமல் பொய்லர் திருத்தும் கொம்பனி ஒன்றில் ஃபிட்டருக்கு உதவியாளாகச் சேர்ந்தார், அப்புறம் அதே வேலைக்கு இன்னொரு கொம்பனி. பள்ளிக்கூட நிலவறைகளில் பைப்பைச் சுற்றி வெப்பம் போகாமல் பூசியிருந்த பழைய அஸ்பெஸ்டஸ் உறையை உடைத்து எடுப்பார்கள், விழுந்ததைக் கூட்டி அள்ளுவார்கள். இரண்டு கொம்பனிகளும் எப்போதோ இழுத்து மூடப்பட்டுவிட்டன. "இல்லாத கொம்பனி மேல எப்பிடிப் பிள்ளை கேஸ் போடுறது?" என்று அப்பா கேட்டார்.

போடலாம். முதலாளிமார் தொழிலாளருக்காகக் காப்புறுதி எடுக்கவேண்டும் என்ற 1969ஆம் ஆண்டுச் சட்டம் 1972இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கொம்பனி போனாலும் அந்த நேரத்துக் காப்புறுதி நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும். பழைய பாலிசிகளைத் தேடித் தருவதற்கென்றே ஈஎல்டிஓ என்ற அமைப்பு இருக்கிறது. அதில் கிடைக்காவிட்டால் தோண்டித் துருவ வேண்டியது லோயரின் வேலை. யார் தோண்டுவார், யார் படிவம் மட்டும் நிரப்புவார் என்பதைத்தான் நாங்கள் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

ஈஸ்ட் ஹாமில் எங்களுக்குத் தெரிந்த தமிழ் சொலிசிட்டர் ஒருவர் இருக்கிறார். சொந்தக்காரர் எல்லாரும் "எங்கட ஆள் இருக்கேக்க ஏன் வெளியில போறியள்" என்றார்கள். அவர் விசா அலுவலும் வீடு வாங்கும் அலுவலும் பார்ப்பவர். போய்க் கேட்டதும், "தங்கச்சி, இது எனக்குச் சரிவராது, இதையே செய்யிறவையிட்டப் போங்கோ" என்று அவரே சொல்லிவிட்டார். அந்த நேர்மைக்கு அவருக்கு ஒரு கும்பிடு.

பிறகு மீசோதீலியோமா யூகே தொண்டு நிறுவனத்தின் தாதி ஒருவரோடு பேசினோம். காயம், தொழில்நோய் வழக்கறிஞர்களின் அமைப்பான ஏபில், அஸ்பெஸ்டஸ் நோய்க்கென்றே தனி அங்கீகாரம் கொடுக்கிறது, அதைப் பாருங்கள் என்றார். அந்த அங்கீகாரம் உள்ள சிலரோடு தொலைபேசியில் பேசி, கடைசியில் ஒருவரை வீட்டுக்கு வரச் சொன்னோம்.

அவர் வந்து அம்மாவின் தேத்தண்ணி ஆறிப்போகும்வரை கேள்வி கேட்டார். பைப்பில் இருந்தது வெள்ளைத் துணிபோலவா, களிபோலவா? ஈரமாக்கி உடைத்தீர்களா, காய்ந்தபடியா? முகமூடி தந்தார்களா? ஃபோர்மன் பெயர் என்ன? கூட வேலை செய்தவர் யாராவது உயிரோடு இருக்கிறார்களா? கிழக்கு லண்டனில் பாக்கிங் (Barking) என்ற இடத்தில் இருந்தீர்களா என்றும் கேட்டார். அங்கே கேப் கொம்பனியின் அஸ்பெஸ்டஸ் தொழிற்சாலை 1913இலிருந்து இருந்தது. எதிர்த் தரப்பு அதையும் கிளறுமாம். அது 1968இலேயே மூடப்பட்டது, அப்பா வந்தது அதற்குப் பிறகு என்றதும் குறித்துக்கொண்டார். அப்புறம் அம்மா பக்கம் திரும்பி, ஓவர்ஓலைத் தோய்த்தது யார் என்று கேட்டார். வாசலில் உதறிவிட்டு நான்தான் தோய்ப்பேன் என்றார் அம்மா. அந்தத் தூசி உங்களுக்கும் போயிருக்கலாம், உங்கள் குடும்ப வைத்தியரிடமும் இதைச் சொல்லி வையுங்கள் என்றார் அவர். எங்களில் ஒருவருக்கும் அந்த யோசனை வரவில்லை.

கட்டணத்தைப் பற்றி நாங்கள் கேட்கும் முன்பே எழுத்தில் தந்தார். 2013இல் வந்த சட்ட மாற்றத்துக்குப் பிறகு மற்ற நோய், காய வழக்குகளில் வென்றால், நட்டஈட்டின் ஒரு பகுதியில் 25 சதவீதம்வரை லோயர் பிடிக்கலாம். மீசோதீலியோமாவுக்கு அந்த மாற்றம் வரவில்லை, வென்றால் லோயர் வாங்கும் மேலதிகக் கட்டணத்தை எதிர்த் தரப்பிடமே கேட்கலாம். ஆகவே எங்களிடம் ஒரு சதமும் எடுக்கமாட்டேன் என்றார். முன்பு தொலைபேசியில் பேசிய இன்னொரு நிறுவனம் இதே நோய்க்கு 25 என்று கூசாமல் சொன்னது. அரசின் தொழில்நோய் உதவிப்பணத்துக்கு லோயரே தேவையில்லை, நாளைக்கே படிவம் போடுங்கள் என்றும் இவர்தான் சொன்னார்.

முதல் கொம்பனியின் காப்புறுதி கிடைத்தது, இரண்டாவதுடையது கிடைக்கவில்லை. நான் பயந்துபோனேன். பயப்படத் தேவையில்லை என்று சொலிசிட்டர் விளக்கினார். 2002இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை ஃபேர்சைல்ட் வழக்கில் கொடுத்த தீர்ப்பால், எந்த முதலாளியின் தூசி நோயைத் தந்தது என்று பிரித்து நிரூபிக்கத் தேவையில்லை. 2006ஆம் ஆண்டு நட்டஈட்டுச் சட்டத்தின்படி அகப்பட்ட ஒருவரிடமே முழுத்தொகையையும் கேட்கலாம். இருவருடையதும் கிடைக்காமல் போனால் நட்டஈடு தருவதற்கு 2014இல் வந்த அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. நோய் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போடவேண்டும். ஆனால் இந்த நோய் அவ்வளவு காலம் பொறுத்திருக்கும் என்று நம்ப முடியாது. அதனால் சொலிசிட்டர் அப்பாவின் வாக்குமூலத்தை அப்பா தெம்பாக இருக்கும்போதே எழுதி, கையெழுத்து வாங்கிவிட்டார்.

காப்புறுதிக்காரர் இப்போது பொறுப்பை ஏற்றுவிட்டார்கள், இடைக்காலப் பணமும் வந்தது. மொத்தத் தொகையைக் காட்டி முடித்துவிடலாம் என்கிறார்கள், தம்பிக்கும் அதுதான் விருப்பம். சொலிசிட்டர் விடவில்லை. அரச வைத்தியசேவையான என்ஹெச்எஸ்ஸில் கிடைக்காத சிகிச்சை ஒன்றைப் பின்னால் வைத்தியர் எழுதினால் அந்தச் செலவையும் அவர்களே கட்டவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் கையெழுத்துப் போட விடமாட்டேன் என்கிறார். லோயர் தேடுபவர்கள் முதல் தொலைபேசிப் பேச்சிலேயே இதைக் கேட்டுப் பாருங்கள். 25 என்று சொன்ன நிறுவனத்திடம் நான் கேட்டபோது, அதைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள்.