திண்ணையில் ஒரு ஸ்லோ குக்கர்

மூடியைத் திறக்காமல் விட்டுவிட்டால் போதும், மற்றதையெல்லாம் தானே பார்த்துக்கொள்ளும் என்ற ஒரே நிபந்தனையோடு வரும் சமையல் சாதனத்தை, ஒறம்பரை, அதாவது உறவினர், நிறைந்த ஒரு கொங்கு வீட்டின் திண்ணையில் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்பதை நேரில் பார்த்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

என் மனைவியின் தம்பி, நான் மாப்பிள்ளை என்று அழைப்பவர், அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தின் சார்லட் நகரில் வேலை பார்க்கிறார். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மாமனார் ஊருக்கு அவர் விடுமுறையில் வந்திறங்கியபோது, பெட்டியிலிருந்து சாக்லேட் வரும் என்று சுற்றி உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் கண் முன்னே, பழைய சட்டைகளில் சுற்றிய, இளஞ்சூட்டில் மெதுவாக வேகவைக்கும் ஸ்லோ குக்கர் என்னும் மின்பாத்திரம் ஒன்று வெளியே வந்தது. அங்கே தாம் விரும்பி உண்ணும் புல்டு போர்க் என்னும் பதார்த்தத்தை இங்கே எல்லோருக்கும் செய்துதரப் போவதாக மாப்பிள்ளை அறிவித்தார். பன்றியின் தோள்பட்டைக் கறியை வெட்டாமல் முழுத் துண்டாக இளஞ்சூட்டில் பல மணி நேரம் வேகவைத்து, பிறகு முள்கரண்டியால் நார் நாராகப் பிரித்து, பன்னுக்குள் வைத்துச் சாப்பிடுவது அது. கிழக்கு வட கரோலினாவில் வினிகரும் மிளகாயும் மட்டும் சேர்ப்பார்கள் என்றும், அதே மாநிலத்து லெக்சிங்டன் பக்கம் சிறிது தக்காளி கலப்பார்கள் என்றும், தென் கரோலினாவில் கடுகுச் சாறு ஊற்றுவார்கள் என்றும், இந்த மூன்று தரப்பாருக்கும் ஒருவரை ஒருவர் ஆகாது என்றும் அவர் விளக்கினார். விறகுப் புகையில் விடிய விடியச் செய்ய வேண்டியதை இந்தக் குக்கரில் சுலபமாகச் செய்துவிடலாம் என்பது அவருடைய வாதம்.

முதல் தடை மின்சாரம். கோயம்புத்தூரில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கும் மாப்பிள்ளையின் தாய்மாமன், குக்கரைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியில் இருந்த எழுத்துகளைப் படித்தார்; 120 வோல்ட், 250 வாட் என்றிருந்தது. "இதைய நம்மூரு பிளக்குல சொருகுனா கறி வேகாது சாமி, குக்கருதான் வேகும்" என்றார். மின்னழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்போது வெப்பச்சுருள் இழுக்கும் மின்திறன் அதன் வர்க்கத்தில் உயரும் என்பதால், 250 வாட் சாதனம் நம் 230 வோல்ட்டில் 900 வாட்டைத் தாண்டிவிடும் என்பதை அவர் காகிதம் இல்லாமல் கணக்கிட்டுச் சொன்னார். மறுநாளே தம் பட்டறையில் கட்டிய, மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். அது குக்கரை விடக் கனமாகவும், குக்கரை விட அதிக மரியாதைக்குரியதாகவும் இருந்தது.

இரண்டாவது தடை இடம். எங்கள் மாமனார் வீட்டில் வெண்பன்றிக் கறி உண்பவர்கள் ஏராளம். ஆனால் அது சமையலறை வாசற்படியைத் தாண்டக் கூடாது என்பது அத்தையின் சட்டம். வழக்கமாக வெளியே வெந்நீர் அடுப்பில், அதற்கென்றே ஒதுக்கிய இரும்பு வாணலில்தான் வறுவல் நடக்கும். குக்கருக்கு மின்சாரம் வேண்டும் என்பதால், பிளக் இருந்த ஒரே வெளியிடமான முன்திண்ணை அதற்கு ஒதுக்கப்பட்டது. பின்னால் நடந்த அனைத்துக்கும் இந்த ஒரு முடிவே காரணம்.

ஞாயிறு விடியற்காலையில் கறிக்கடையில் இரண்டரைக் கிலோத் தோள்பட்டைத் துண்டை வெட்டாமல் கேட்டபோது, கடைக்காரர் புளியங்கட்டையின் மேல் ஓங்கிய கத்தியை அப்படியே நிறுத்தினார். கறி வாங்குகிறவர்கள் துண்டு சிறிதாக வேண்டும் என்றோ, கொழுப்புக் கொஞ்சம் குறைவாக வேண்டும் என்றோ கேட்பதைத்தான் அவர் அறிவார். கொழுப்பும் இருக்கட்டும், எலும்பும் இருக்கட்டும், கத்தியே படவேண்டாம் என்றதும் அவர் மாப்பிள்ளையை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, "ஏனுங்க, ஊட்டுல அருவா இருக்குதுங்களா?" என்று பரிவோடு விசாரித்தார்.

கறியின் மேல் பூசுவதற்கு உப்பு, மிளகு, வரமிளகாய்த் தூள், பூண்டு ஆகியவற்றோடு அமெரிக்காவில் பழுப்புச் சர்க்கரை சேர்ப்பார்களாம். அதற்கு ஈடாக நாட்டுச்சர்க்கரையை விடச் சிறந்தது உலகில் இல்லை என்று மாப்பிள்ளை சொல்லிக்கொண்டே டப்பாவை எடுத்ததும் அத்தை வெளியே வந்துவிட்டார். அது கவுந்தப்பாடிச் சர்க்கரை. பழனிக் கோயில் பஞ்சாமிர்தத்துக்குக் கொள்முதல் செய்யப்படுவதும் கவுந்தப்பாடிச் சர்க்கரைதான். "ஆண்டவனுக்குப் போற சக்கரையப் பன்னிக்குப் பூசறதா?" என்ற கேள்விக்கு விடையாக மாப்பிள்ளை குக்கரின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார். இதைக் கண்டுபிடித்த இர்விங் நாக்சன் ஒரு யூதர்; ஓய்வுநாளில் நெருப்பு மூட்டக் கூடாது என்பதால், வெள்ளிக்கிழமை மாலையிலேயே அவரைக்குழம்புப் பானையை ரொட்டிக் கடைக்காரரின் அடுப்பில் வைத்துவிட்டு மறுநாள் எடுத்துச் சாப்பிடும் பழக்கத்தைத் தாயார் சொல்லக் கேட்டு, 1940ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார்; 1971ஆம் ஆண்டில் கிராக்-பாட் என்ற பெயரில் இது கடைகளுக்கு வந்தது. பன்றியையே தொடாதவர்களின் சமையலிலிருந்து பிறந்த குக்கரில் உலகமே பன்றிக்கறி சமைக்கும்போது சர்க்கரையில் என்ன இருக்கிறது என்பது அவர் சொல்ல வந்த கருத்து. அத்தை முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சர்க்கரை டப்பாவை உள்ளே எடுத்துச் சென்றார். பிறகு கடையிலிருந்து தனியாகக் கால் கிலோ வாங்கிவரப்பட்டது. அதுவும் கவுந்தப்பாடிச் சர்க்கரைதான் என்பதை அவரிடம் இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

மசாலா பூசிய கறியைப் பீங்கான் சட்டியில் இறக்கி, நறுக்கிய வெங்காயமும் அரைக் குவளை வினிகரும் சேர்த்து, கண்ணாடி மூடியைப் போட்டு, காலை ஏழரை மணிக்கு விசையை ‘ஹை’யில் திருப்பினார் மாப்பிள்ளை. ‘லோ’வில் வைத்தால் எட்டு மணி நேரம், ‘ஹை’யில் ஐந்து மணி நேரம், ஆகவே பன்னிரண்டரைக்குத் தயாராகிவிடும் என்று கணக்குச் சொன்னார். தண்ணீர் வேண்டாம், கறியே தண்ணீர் விடும், ஆவி வெளியே போகாது, மூடியை மட்டும் யாரும் தொட வேண்டாம், ஒருமுறை திறந்தால் போன சூடு திரும்ப இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும் என்று எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அவர் சொல்லாமல் விட்டிருந்தால் சிலராவது திறக்காமல் இருந்திருப்பார்கள். கண்ணாடி மூடிதானே, வெளியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்றால், பத்தே நிமிடத்தில் அது ஆவி படிந்து மங்கிவிட்டது. உள்ளிருந்து சத்தம் இல்லை, கொதி இல்லை, விசில் இல்லை. விசிலை எண்ணியே வாழ்நாள் முழுவதும் வெந்ததா வேகவில்லையா என்று முடிவு செய்த வீட்டில், ஒன்றுமே சொல்லாத பாத்திரம் பெரும் மனக்கலக்கத்தை உண்டாக்கும். திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார், மின்சாரம் வருகிறதா என்று பார்ப்பதற்காக முதலில் திறந்தார். பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா உப்புப் பார்த்தார். சின்னம்மா, பார்க்க வெறுமையாக இருக்கிறது என்று ஒரு கைப்பிடி சின்ன வெங்காயத்தையும் ஒரு கொத்துக் கருவேப்பிலையையும் போட்டுவிட்டுப் போனார். அப்பத்தாவோ, தண்ணீரே ஊற்றாமல் அடுப்பில் வைத்த பிள்ளையின் அறியாமைக்கு இரங்கி, ஒரு சொம்புப் பச்சைத் தண்ணீரோடு வந்து நின்றார். சூடேறிய பீங்கானில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விட்டுவிடும் என்பதால், தலையில் சோப்பு நுரையோடு ஓடிவந்த மாப்பிள்ளை சொம்பைப் பிடித்து நிறுத்தியது அன்றைய நிகழ்ச்சிகளில் தலையாயது.

அதன் பிறகு என் மகன் காவலுக்கு அமர்த்தப்பட்டான். யாராவது தனக்குத் தெரியாமல் திறந்துவிட்டார்களோ என்று சந்தேகம் வரும்போதெல்லாம் அவன் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டான்.

மதியம் ஒரு மணிக்கு, இலை போடலாமா என்று கேட்டுக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் திண்ணையைச் சூழ்ந்தார்கள். மாப்பிள்ளை கறியில் செருகும் வெப்பமானியை எடுத்துக் குத்திப் பார்த்தார். "காச்சல் பாக்கறதாட்ட இருக்குது" என்றார் பெரியப்பா. 74 டிகிரி செல்சியஸ் காட்டியது. பன்றிக்கறியின் முழுத் துண்டு 63 டிகிரியைத் தொட்டு மூன்று நிமிடம் இருந்தாலே உண்ணப் பாதுகாப்பானது என்பது அமெரிக்க அரசின் வழிகாட்டுதல். அந்த வகையில் அது வெந்த கறிதான். ஆனால் தோள்பட்டை, விலங்கு நாள் முழுவதும் உழைக்கும் இடம் என்பதால், தசைகளைக் கட்டி வைத்திருக்கும் கொலாஜன் என்ற இணைப்புத்திசு அங்கே மிகுதி. அது நெடுநேரச் சூட்டில் கரைந்து ஜெலட்டினாக மாறி, உள்வெப்பம் 90 டிகிரியைத் தாண்டும்போதுதான் கறி தொட்டவுடன் நாராகப் பிரியும். அதுவரை அது மெல்ல மெல்லத் தீராது. பெரியப்பா ஓர் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, பேச முடியாமல் கையை ஆட்டி இந்த அறிவியலை உறுதிசெய்தார்.

காலையிலிருந்தே எதுவும் பேசாமல் இருந்த அத்தை, அப்போது உள்ளேயிருந்து ஒரு பெரிய அண்டாவில் அரிசிம்பருப்புச் சோற்றையும் நெய்க் கிண்ணத்தையும் கொண்டுவந்து வைத்தார். அது பன்னிரண்டு மணிக்கே தயாராகிவிட்டிருந்தது.

வயிறு நிறைந்து எல்லோரும் ஆளுக்கொரு மூலையில் படுத்துத் தூங்கியதுதான் அந்தக் குக்கருக்குக் கிடைத்த முதல் ஓய்வு. அவர்களுக்குத் தூக்கம் கலைந்தபோது மணி ஐந்து. வெப்பமானி 94 காட்டியது. எலும்பைப் பிடித்து இழுத்தால் கறி கையோடு வராமல் எலும்பு மட்டும் வழுவழுவென்று தனியாக வந்தது. அந்த நேரத்தில் திண்ணையில் எழுந்த மணத்தைப் பற்றி நான் மிகைப்படுத்திச் சொல்லத் தேவையில்லை. பன்றிக்கறியே உண்ணாத எதிர்வீட்டுக்காரர் காரணம் ஏதும் இன்றி மாமனாரிடம் பேச வந்துவிட்டார். இரண்டு முள்கரண்டிகளால் மாப்பிள்ளை கறியைப் பிரித்தபோது அது சந்தகை பிழிந்தது போல் நூல் நூலாக விழுந்தது.

மாப்பிள்ளை அதில் வினிகரும் மிளகாய்ச் செதில்களும் கலந்து, பொடியாக அரிந்த பச்சை முட்டைக்கோஸோடு பன்னில் வைத்துக் கொடுத்தார். கோபியில் ஒரு பேக்கரியில் வாங்கிவந்த பன்கள் அவை. வெட்டிய பிறகுதான் அவற்றுக்குள் டூட்டி ஃப்ரூட்டி இருப்பது தெரிந்தது. பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. பெரியவர்கள் மரியாதைக்கு ஒரு கடி கடித்தார்கள். பெரியப்பா மட்டும், "கறி பஞ்சாட்டத்தான் வெந்துருக்குது. ஆனா ஈரமா இருக்குதே சாமி, இதைய ஒருக்கா வாணல்ல காட்டலாமுங்களா?" என்றார்.

ஆவி வெளியேறாத குக்கரில் சாறு வற்றாது என்பதால், பிரித்த கறியைக் கடைசியில் அதிகச் சூட்டில் முறுக விடுவது அமெரிக்கர்களும் செய்வதுதான் என்று மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார். வெந்நீர் அடுப்பு மூட்டப்பட்டது. இரும்பு வாணலில் கறியின் கொழுப்பையே எண்ணெயாக ஊற்றி, விதை உதிர்த்த வரமிளகாய், சின்ன வெங்காயம், கருவேப்பிலை, தேங்காய்ச் சில்லு எல்லாம் போட்டு, பள்ளிபாளையம் சிக்கனுக்குச் செய்யும் அதே முறையில் பெரியப்பா கறியைக் கொட்டிக் கிளறினார்; சட்டியில் தேங்கிய சாறு முழுவதும் அதிலேயே ஊற்றி வற்றவிடப்பட்டது. ஓரங்கள் மொறுமொறுப்பாகவும் உள்ளே வெண்ணெயாகவும் வந்த அந்த வறுவலுக்கு முன்னால், வினிகர் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, மாப்பிள்ளையும் கேட்கவில்லை. மதியம் மீந்த அரிசிம்பருப்புச் சோறு அண்டாவின் அடி தெரியும் வரை சுரண்டப்பட்டது. பன்றிக்கறி ஃபிரிட்ஜுக்குள்ளும் போகக் கூடாது என்பதால், மிச்சம் வைக்கும் பேச்சே எழவில்லை.

மாப்பிள்ளை ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய நாள், அத்தை அவரைத் தனியே அழைத்து, கொள்ளுப் பயறை இரவில் போட்டால் விடிவதற்குள் வேகுமா என்று கேட்டார். ஊறவைத்துப் போட்டால் அருமையாக வேகும் என்று அவர் சொன்னதும், சமையலறைக்குள் வைக்கத் தக்கதாகப் புதிதாக ஒன்று, நம் ஊர் மின்சாரத்துக்கே ஆனதாக, அடுத்தமுறை வாங்கிவரும்படி சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "மூடிக்குப் பூட்டு வெச்சது கெடைக்குமான்னு பாரு கண்ணு" என்றார். காரில் கொண்டுபோகும்போது சிந்தாமல் இருக்க, கொக்கி போட்டு மூடும் குக்கர்கள் அங்கே உண்மையிலேயே விற்கின்றன என்றார் மாப்பிள்ளை. கொக்கி போதாது என்று அத்தை சொல்லிவிட்டார்.