பார்க்காத உலோகத்துக்கு ஒரு மூசை

உருகுநிலைப் பாடத்தை நான் எப்போதும் அமெரிக்க இரசாயனவியலாளர் லியோ புரூவரில்தான் தொடங்குவேன். 1943இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் கலாநிதிப் பட்டம் பெற்ற கையோடு அவருக்கு வந்து சேர்ந்த வேலை அப்படி: புளூட்டோனியத்தை உருக்க ஒரு மூசை, அதாவது சூடு தாங்கும் பாத்திரம், வேண்டும். அந்த உலோகமோ அப்போது ஒரு கிள்ளு அளவுகூட எவர் கையிலும் இல்லை. எத்தனை பாகையில் உருகும், எதை அரிக்கும் என்பது யாருக்கும் தெரியாது.

ஆகவே இருப்பதிலேயே பொல்லாத குணத்தை அதற்கு ஏற்றிவைத்துத் தேடினார்கள். அகப்பட்டது சீரியம் சல்பைட்டு. பித்தளைபோல் மஞ்சளாக மின்னும். 2,000 பாகை செல்சியசைத் தாண்டியும் உருகாது. கடைசியில் வந்து சேர்ந்த புளூட்டோனியம் 640 பாகையிலேயே உருகிவிட்டது! தங்கத்துக்கே 1,064 வேண்டும்.

"ஹட்டன் கடைவீதி ஆசாரியே உருக்கியிருப்பாரே, டீச்சர்?" என்றான் பின்வாங்கில் இருந்த ஒருவன். உருக்கலாம், அந்தச் சூட்டில் காற்றுப் பட்டால் பற்றிக்கொள்ளும் என்றேன். அந்த உலோகம் அணுகுண்டாகப் போய் விழுந்த இடம் நாகசாகி என்பதையும் சொல்லித்தான் பாடத்தை முடித்தேன்.

போர்க்காலத்தில் இரகசியமாக இருந்த புரூவர் குழுவின் அறிக்கைகள் 1950இல் நூலாக அச்சேறின. அளந்த எண்களோடு, அளக்க வழியில்லாமல் கணித்துச் சொன்ன எண்களும் அதில் உண்டு. எனக்குப் பிடித்தவை இரண்டாவது வகைதான்.

அப்பாவும் கணிப்பவர். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், டீமேக்கர். மழையைப் பார்த்தே மறுநாள் கொழுந்து எவ்வளவு ஈரத்தோடு வரும், அதை உலர்த்தும் ட்ரையரை எத்தனை பாகையில் வைக்க வேண்டும் என்று முதல்நாள் இரவே கொப்பியில் எழுதிவிடுவார். காலையில் சரியான எண்ணைப் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதுவார். எல்லாம் பாரன்ஹீட்டில். ஓய்வு பெற்றபோது கொப்பிகளை ஸ்டோரிலேயே விட்டுவந்தார். பின்னால் வந்தவர் அவற்றை ட்ரையர் அடுப்பிலேயே போட்டுவிட்டாராம். அப்பா அதைக் கேட்டுச் சிரித்தார்; எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

தப்பியது ஒன்றே ஒன்று. பின்பக்கங்களில் அம்மா பால் கணக்கு எழுதியதால் வீட்டிலேயே தங்கிவிட்டது. நேற்று அதைப் புரட்டினேன். "விறகு ஈரம். 200 ஏறாது. தூள் அவிந்துபோகும்" என்று நீல மை. பக்கத்தில் சிவப்பில் "180". அதே தாளின் மறுபுறம் அம்மாவின் எழுத்து: "பால் இரண்டு போத்தல். ஒன்று திரிந்துவிட்டது."